ஏழு பேரும் ஏறிய பிறகு

குடும்பத்துக்கு முதன்முதலாக ஒரு செவன் சீட்டர் வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன். டாடா சுமோ, குவாலிஸ் காலம் தொட்டு இன்றைய ஹைகிராஸ் வரைக்கும் குடும்ப வண்டிகளை அடியில் படுத்தும் பார்த்தாயிற்று, ஆள் நிறைய ஏற்றி ஓட்டியும் பார்த்தாயிற்று. இப்போது வண்டி வாங்குகிற பிள்ளைகள் போனில் மூன்று வண்டிகளை வரிசையாக வைத்து, எதற்கு அதிக டிக் விழுகிறது என்று பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் எண்கள் பொய்யில்லை. ஆனால் மைலேஜ், கிரவுண்ட் கிளியரன்ஸ், பிக்கப் எல்லாமே காலி வண்டிக்கோ, ஒருவர் இருவர் உட்கார்ந்த வண்டிக்கோ பொருந்துபவை. நீங்கள் வண்டி வாங்குவது வீட்டு ஆட்களை நிறைத்துக்கொண்டு போவதற்கு. ஒவ்வொரு எண்ணையும், ஏழு பேரும் ஏறிய பிறகு இது என்ன ஆகும் என்று கேட்டுப் படியுங்கள். அந்தக் கேள்வியை எங்கெங்கே கேட்பது என்றுதான் கீழே சொல்லியிருக்கிறேன்.

1. வண்டியைப் பார்க்கும் முன் வீட்டுக் கணக்கை எழுதுங்கள்

யார் யார் ஏறுவார்கள், அவர்களுக்கு என்ன வயது, யாருக்கு முழங்கால் வலி, எந்தக் குழந்தைக்குச் சைல்டு சீட் வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் ஏழு பேரும் சேர்ந்து போவீர்கள், எந்தச் சாலையில் போவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பொங்கலுக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் மட்டும்தான் ஏழு பேர் சேருவீர்கள் என்றால், நல்ல ஐந்து சீட் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த இரண்டு மூன்று நாளுக்கு டிராவல்ஸ் வண்டி பிடிப்பது நல்லது. தாத்தா பாட்டி கூடவே இருக்கிற வீடு, வாராவாரம் ஊருக்குப் போகிற வீடு என்றால் மேலே படியுங்கள்.

அந்தத் தாளின் கீழே வீட்டு கேட்டின் அகலத்தையும் போர்டிகோவின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். எர்டிகா 1735 மில்லிமீட்டர் அகலம், கேரன்ஸ் 1800, இன்னோவா கிரிஸ்டா 1830. இந்த அளவில் இரண்டு பக்கக் கண்ணாடியும் சேராது. கண்ணாடியை விரித்து வைத்து நுழைய முடிகிற கேட்டா என்று பார்க்க வேண்டும். உள்ளே நிறுத்திய பிறகு பின்கதவு முழுதாக மேலே தூக்குமா, பக்கக் கதவைத் திறந்து ஒரு பெரியவர் இறங்க இடம் இருக்குமா என்பதும் அந்த டேப்பில்தான் தெரியும்.

2. ஷோரூமில் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்

விற்பனைப் பையன் டிரைவர் கதவைத்தான் முதலில் திறந்துவிடுவான். நீங்கள் நேராகப் பின்னால் போங்கள். மூன்றாவது வரிசைக்கு ஏறும் வழி வண்டிக்கு வண்டி வேறு. எர்டிகாவில் நடுசீட்டின் முதுகு மடங்கி, சீட் முன்னால் நகரும். இடுக்கு வழியாக நுழைய வேண்டும். சில வண்டிகளின் மேல் வேரியன்ட்களில் ஒரு பட்டனைத் தொட்டால் நடுசீட் தானே முன்பக்கம் கவிழ்ந்து வழி விடும். நடுவில் இரண்டு தனித்தனி கேப்டன் சீட் இருக்கும் வண்டிகளில், அவற்றுக்கு இடையே நடந்தும் போகலாம். ஆனால் ஒரு சீட் குறையும்; பல வண்டிகளில் அது ஆறு பேர் வண்டியாகிவிடும். கியா கார்னிவலில் பக்கக் கதவே மின்சாரத்தில் சறுக்கித் திறக்கும். நெருக்கமாக நிறுத்தினாலும் பெரியவர்கள் சிரமமில்லாமல் இறங்கலாம். அதன் விலையும் 5155 மில்லிமீட்டர் நீளமும் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது.

ஏறி உட்கார்ந்ததும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது தொடை. பின்சீட் தரையை ஒட்டி இருந்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும், தொடை சீட்டில் படாது, உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பு எலும்பில் இறங்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. திண்டுக்கல் தாண்டும்போது இடுப்பு சொல்லும். இரண்டாவது பாதம். முன்சீட்டின் அடியில் விரல்களை நீட்ட இடம் இருக்க வேண்டும். மூன்றாவது, தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது. கூட வந்திருக்கும் ஆட்களில் உயரமானவரை அங்கே உட்கார வையுங்கள். நடுசீட்டை அதில் உட்காருபவருக்கு வசதியான அளவு பின்னால் தள்ளிவிட்டு அப்புறம் பாருங்கள். நடுசீட்டை முழுக்க முன்னால் இழுத்து வைத்துத்தான் மூன்றாவது வரிசையைக் காட்டுவார்கள்.

பட்டியலில் இதற்கு உதவுகிற எண் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம். எர்டிகா 2740, கேரன்ஸ் 2780, கிரிஸ்டா 2750, ஹைகிராஸ் 2850 மில்லிமீட்டர். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிரிஸ்டா கேரன்ஸைவிட 195 மில்லிமீட்டர் நீளமான வண்டி. ஆனால் வீல்பேஸ் 30 மில்லிமீட்டர் குறைவு. கிரிஸ்டாவில் இன்ஜின் நீளவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, சக்தி பின்சக்கரத்துக்குப் போகிறது, எல்லாம் ஒரு கனமான சேசிஸ் மேல் நிற்கிறது. ஹைகிராஸில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது, முன்சக்கரம் இழுக்கிறது, அடியில் நீண்ட ஷாஃப்ட் ஓடுவதில்லை. அதனால்தான் ஏறக்குறைய அதே நீளத்தில் உள்ளே கூடுதல் இடமும் தாழ்ந்த தளமும் கிடைக்கின்றன. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்குத் தாழ்ந்த தளம் பெரிய வரம். சேலை கட்டியவர்கள் கிரிஸ்டாவில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து எம்பத்தான் வேண்டும்.

3. டிக்கியின் லிட்டர் கணக்கில் ஏமாறாதீர்கள்

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் லிட்டர், பின்சீட்டை மடக்கிய பிறகு உள்ளது. ஏழு சீட்டும் நிமிர்ந்து நிற்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216, ஹைகிராஸில் 300, சின்ன வண்டியான டிரைபரில் வெறும் 84. டிரைபரின் கடைசி சீட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். ஆனால் அப்போது அது ஐந்து பேர் வண்டி. லிட்டரைச் சில கம்பெனிகள் சீட்டின் முதுகு உயரம் வரைக்கும் அளக்கின்றன, சில கூரை வரைக்கும் அளக்கின்றன. அதனால் எண்ணை நம்புவதைவிட உங்கள் வீட்டுப் பெரிய சூட்கேஸ் இரண்டையும் ஷோரூமுக்கு எடுத்துக்கொண்டு போய், மூன்று வரிசையும் நிமிர்ந்த நிலையில் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு உங்களுடையது.

4. வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேளுங்கள்

இதை யாரும் கேட்பதில்லை. பட்டியலில் இரண்டு எடைகள் இருக்கும். கெர்ப் வெயிட் என்பது வண்டியின் சொந்த எடை. கிராஸ் வெயிட் என்பது ஆளும் சாமானும் சேர்த்து அது தாங்க அனுமதித்த மொத்தம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றலாம் என்கிற பாரம். நம் ஊர் செவன் சீட்டர்களில் இது பெரும்பாலும் 600 கிலோவை ஒட்டி வரும்.

கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தால் ஏழு பேர் 455 கிலோ. அதன்மேல் சூட்கேஸ்கள், தண்ணீர் கேன், ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி, தேங்காய், மாமியார் கட்டிக் கொடுத்த பலகாரம். கூரைமேல் கேரியர் போட்டு அதிலும் ஏற்றினால் வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். கேரியருக்கென்று தனியாக ஒரு வரம்பு உண்டு; அது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். மேலே பாரம் கூடக்கூட வளைவில் வண்டி சாயும். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரும் சேர்ந்து வண்டியின் சொந்த எடையைக் கூட்டுவதால், நீங்கள் ஏற்றும் பாரம் அதற்கேற்பக் குறையும்.

டயரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எர்டிகா டயரில் 185/65 ஆர்15 என்று எழுதி, பக்கத்தில் 88 என்ற எண் இருக்கும். அந்த 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. பின்னால் டயர் மாற்றும்போது இந்த எண் குறையக் கூடாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஆள் குறைவாகப் போகும்போது ஒரு காற்றழுத்தமும், முழு பாரத்துக்குக் கூடுதலாக ஒன்றும் போட்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்த தோள் தேய்ந்த பின்டயர்களில் பெரும்பாலானவை, ஊருக்குக் கிளம்பும்போது காற்றைக் கூட்டாமல் போன வண்டிகளுடையவை.

5. கிரவுண்ட் கிளியரன்ஸ்

180 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் காலி வண்டிக்கு. ஏழு பேரும் ஏறினால் பின்பக்கம் நன்றாக இறங்கும். கிராமத்துச் சாலைகளில் யாரோ சிமெண்டில் கட்டி வைத்த வேகத்தடையில் நடுவயிறோ சைலன்சரோ தட்டுவது அப்போதுதான். பாரம் ஏற்றிய நிலையில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், ஆறேழு பேரை ஏற்றிக் கீழே குனிந்து நீங்களே பாருங்கள். வீல்பேஸ் நீளமான வண்டிக்கு நடுவயிறு தட்டும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள். குலதெய்வம் கோயிலுக்கு வண்டித்தடத்தில் போகிறவர்களுக்கு இது ஒன்றே வண்டியைத் தீர்மானிக்கிற விஷயமாகவும் ஆகலாம்.

6. பவரைப் பார்க்காதீர்கள், புல்லிங்கைப் பாருங்கள்

குதிரைசக்தி என்பது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது தருவது. நிறைந்த வண்டியை மேட்டில் நிறுத்தி மறுபடி எடுப்பதற்கு உதவுவது டார்க். பட்டியலில் டார்க்கைப் பார்க்கும்போது, பக்கத்தில் எத்தனை ஆர்.பி.எம்.மில் என்று இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு வண்டிகளை வைத்துச் சொல்கிறேன். டிரைபர் 1 லிட்டர் பெட்ரோல்: 96 நியூட்டன் மீட்டர், 3500 சுற்றில். எர்டிகா 1.5 பெட்ரோல்: ஏறத்தாழ 137, 4400 சுற்றில். கேரன்ஸ் 1.5 டீசல்: 250, 1500 முதல் 2750 சுற்றுக்குள். கிரிஸ்டா 2.4 டீசல்: 343, 1400 முதல் 2800 சுற்றுக்குள்.

இதன் அர்த்தம் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும். வளைவில் எதிரே பஸ் இறங்குகிறது, நீங்கள் நிற்கிறீர்கள், உள்ளே ஏழு பேர், ஏ.சி. ஓடுகிறது. டீசல் வண்டியில் கிளட்சை விட்டாலே நகரும். சின்ன பெட்ரோல் இன்ஜினை 3000, 4000 சுற்றுக்கு ஏற்றினால்தான் இழுக்கும். பழகாத கை அதற்குப் பாதிக் கிளட்சில் தொங்கும், வளைவு பத்து தாண்டுவதற்குள் கிளட்ச் கருகும் வாசம் வரும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் இன்னும் கடினம். டிரைபரையோ எர்டிகாவையோ வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கோவைக்கும் ஈரோட்டுக்கும் சமவெளியில் போய்வரும் குடும்பத்துக்கு எர்டிகாவின் இன்ஜின் தாராளமாகப் போதும், செலவும் குறைவு. மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள், மாதாமாதம் மலை ஏறுகிறவர்கள் டார்க் வரியை மூன்று முறை படியுங்கள். எந்த வண்டியானாலும் மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கிற ஹில் ஹோல்டு வசதி நீங்கள் எடுக்கும் வேரியன்டில் இருக்க வேண்டும்.

7. எரிபொருளை உங்கள் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் என்று போடுவது சோதனைக்கூடத்தில், உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி, ஏ.சி. போடாமல் எடுத்த எண். எர்டிகா பெட்ரோல் மேனுவல் 20.51, அதன் சி.என்.ஜி. கிலோவுக்கு 26.11, ஹைகிராஸ் ஹைபிரிட் 23.24 என்று அந்தக் கணக்கு சொல்கிறது. ஒரு வண்டியோடு இன்னொன்றை ஒப்பிட மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்; மாதச் செலவுக்கு இதைப் போட்டால் கணக்கு உதைக்கும்.

சி.என்.ஜி. எடுத்தால் சிலிண்டர் டிக்கியில் உட்காரும். எர்டிகாவின் 209 லிட்டரே கொஞ்சம். அதிலும் 60 லிட்டர் சிலிண்டர் வந்துவிட்டால் ஏழு பேரின் பெட்டிகள் மடியில்தான் இருக்க வேண்டும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று வாங்க வேண்டும். புல்லிங்கும் பெட்ரோலைவிடக் குறையும். தினமும் தூரமாகப் போய்வருகிற, ஆள் குறைவாக ஏற்றுகிற வீட்டுக்கு அது லாபம். டீசல் நெடுந்தூரத்துக்கும் மலைக்கும் நல்லது; ஆனால் புகைபோக்கியில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தானே கரியை எரித்துக்கொள்ள ஓரளவு வேகமான, தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே சுற்றுகிறவர்கள் டீசல் எடுத்தால் அது அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். ஹைபிரிட் நகர நெரிசலில்தான் தன் அருமையைக் காட்டும். விலை அதிகம், டொயோட்டா அதன் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது.

8. பின்னால் ஏ.சி. இருக்கிறதா, புளோயர் இருக்கிறதா?

பட்டியலில் ரியர் ஏ.சி. என்று ஒரு டிக் மட்டும் இருக்கும். அதன் பின்னால் இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் பின்பக்கத்துக்கென்று தனிக் கூலிங் காயில் இருக்கும்; அங்கேயே காற்றைக் குளிர்விக்கும். இன்னொன்றில் காயில் கிடையாது, ஒரு புளோயர் மட்டும் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ளும். முன்பக்கம் குளிர்ந்த பிறகுதான் பின்பக்கம் குளிரும். ஏப்ரல் மே வெயிலில் பின்னால் மூன்றாவது வரிசையில், கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வீட்டின் குழந்தைகள். வாந்தி எடுப்பதும் அவர்கள்தான். "பின்னால் தனி காயில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவை மதியம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லி, பிறகு பின்வரிசையில் நீங்கள் உட்கார்ந்து, கையைக் காற்று வரும் துளைக்கு நேராக வையுங்கள். எத்தனை நிமிடத்தில் குளிர் வருகிறது என்பது ஒரு வண்டிக்கும் இன்னொன்றுக்கும் வெகுவாக வேறுபடும்.

9. நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காதீர்கள்

இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

வண்டியை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தருகிற பாரத் என்கேப் 2023 அக்டோபர் முதல் நடக்கிறது. அதற்கு முன் குளோபல் என்கேப் சோதித்த முடிவுகள்தான் நம் கையில் இருந்தன. முன்பக்க மோதலை 64 கிலோமீட்டர் வேகத்தில் சோதிக்கிறார்கள். ஹைகிராஸ் 2025-இல் பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. எர்டிகாவின் கதை வேறு: 2019-இல் குளோபல் என்கேப் சோதித்தபோது 3 நட்சத்திரம், விதிகளைக் கடுமையாக்கிய பிறகு 2024-இல் சோதித்தபோது 1 நட்சத்திரம். 2025-இல் எல்லா வேரியன்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்தது. ஆக, நட்சத்திரம் என்றால் எந்த அமைப்பு, எந்த ஆண்டு, எந்த விதி, எத்தனை ஏர்பேக் உள்ள வண்டி என்று நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்தச் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்வரிசையில் உட்காருகின்றன, குழந்தைப் பொம்மைகள் நடுவரிசையில். மூன்றாவது வரிசையில் யாருமில்லை. ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டியானாலும் கடைசி வரிசையைப் பற்றி அந்த நட்சத்திரம் எதுவும் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கர்ட்டன் ஏர்பேக் மூன்றாவது வரிசை ஜன்னல் வரைக்கும் நீளுகிறதா? அங்கே தலைக்குத் தாங்கு இருக்கிறதா, அது உயர்த்தினால் உயருகிறதா? பெல்ட் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட்டா? நடுவரிசையின் நடுவில் உட்காருபவருக்கும் அப்படித்தானா, இல்லை இடுப்புக்கு மட்டுமா? சைல்டு சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்தெந்த சீட்டில் இருக்கிறது? அதை மாட்டிவிட்டால் பின்வரிசைக்குப் போகிற வழி அடைபடுகிறதா? இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்தக் கடைசிக் கேள்வி தினசரிப் பிரச்சினை.

டிக்கியில் சாமானைக் கூரை வரைக்கும் அடுக்காதீர்கள். திடீர் பிரேக்கில் அது பின்வரிசைக் குழந்தையின் தலைமேல் வரும். வண்டி வந்ததும் ஆசையாய் சீட் கவர் போடுவீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் முன்சீட்டின் ஓரத்திலிருந்து வெடித்து வரும். அந்த இடத்தைத் தைத்து மூடுகிற கவரை மாட்டினால் ஏர்பேக் விரிவது தடைபடும். ஓரம் திறந்த, அதற்கென்று தைத்த கவரையே கேட்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிற எல்லோரையும் பெல்ட் போட வையுங்கள். பாட்டி மறுப்பார்கள்; நீங்கள் விடாதீர்கள்.

10. நான்கு மீட்டர் கோட்டையும் பத்து லட்சம் கோட்டையும் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீதம். டீசலுக்கு அதே நீளம், 1500 சி.சி. அதைத் தாண்டினால் 40 சதவீதம். மின்சார வண்டிக்கு 5. டிரைபர் நான்கு மீட்டருக்குள் ஏன் நிற்கிறது என்று இப்போது புரியும். ஒரகடத்தில் தயாராகிற அந்த வண்டிக்குள் ஏழு சீட்டை அடைத்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். 84 லிட்டர் டிக்கி அதற்குக் கொடுத்த விலை.

தமிழ்நாட்டில் ஆயுள் வரி வண்டியின் விலைக்கு ஏற்ப ஏறும்: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9.9 லட்சம் விலையுள்ள வண்டிக்கு 1,28,700 ரூபாய், 10.1 லட்சம் வண்டிக்கு 1,81,800. விலையில் 20,000 ரூபாய் கூடினால் வரியில் 53,100 ரூபாய் கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அதை வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு வேரியன்ட் மேலே போகலாமா என்று யோசிக்கும்போது எக்ஸ் ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள், ஆன்ரோடு விலையை ஒப்பிடுங்கள்.

11. டிக்குகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்

சன்ரூஃப் வேண்டாம் என்பது என் கருத்து. கூரைக்குள் அதன் சட்டம் வந்து தலைக்கு மேல் இடம் குறையும், நம் வெயிலில் ஏ.சி.க்குப் பாரம் கூடும், குழந்தைகள் தலையை வெளியே நீட்டி நிற்பார்கள். பெரிய திரையும் வண்ண விளக்கும் இரண்டு மாதத்தில் பழகிப்போகும். பின் கேமரா, பின் வைப்பர், பின்கண்ணாடி டீஃபாகர், பின்வரிசையில் சார்ஜர் முனை, உயரம் மாற்றும் டிரைவர் சீட், டயர் காற்றைக் காட்டும் மீட்டர் ஆகியவற்றுக்குக் காசு கொடுங்கள். ஏழு பேர் ஏறினால் நடுக் கண்ணாடியில் தலைகள் மட்டும்தான் தெரியும். கேமரா இல்லாமல் ரிவர்ஸ் எடுப்பது பயம். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, மற்ற சக்கரங்களின் அளவா, சின்னதா என்றும் பாருங்கள்.

அண்ணன் தம்பி வண்டிகளையும் கவனியுங்கள். எர்டிகாவும் டொயோட்டா ருமியனும் அடிப்படையில் ஒரே வண்டி; ஹைகிராஸும் மாருதி இன்விக்டோவும் அப்படியே. வாரண்டி, காத்திருக்கும் காலம், உங்கள் வீட்டிலிருந்து எந்த சர்வீஸ் சென்டர் பக்கம் என்பதை வைத்து அவற்றுக்குள் தேர்ந்தெடுக்கலாம்.

12. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டையே கூட்டிக்கொண்டு போங்கள்

ஒருவராகப் போய் ஓட்டிப் பார்ப்பதில் இந்த வண்டிகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் போகாதீர்கள். வார நாளில் முன்கூட்டியே சொல்லிவைத்து, நீங்கள் வாங்கப்போகிற அதே இன்ஜினும் கியரும் உள்ள வண்டியைக் கேளுங்கள். ஏழு பேரும் ஏறுங்கள். ஒரு மேம்பாலத்தில் ஏற்றுங்கள், ஒரு மோசமான சாலையில் விடுங்கள், குறுகலான தெருவில் திருப்புங்கள். பாதி வழியில் ஓட்டுகிறவர் மாறட்டும். வீட்டில் ஓட்டத் தெரிந்த பெண்களும் ஓட்டட்டும். நீங்கள் ஒருமுறை கடைசி வரிசைக்கு மாறி உட்காருங்கள். இரண்டாவது வண்டியையும் அதே பாதையில், அதே ஆட்களோடு, முடிந்தால் அதே நேரத்தில் ஓட்டுங்கள். இறங்கியதும் பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் சேர்த்து வைத்துக் கேட்டால், பிள்ளை ஆசைப்படுகிறான் என்று அம்மா எல்லா வண்டியையும் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

பிடித்துவிட்டால் கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடும் ஒரு வருட சொந்தச் சேதக் காப்பீடும் சேர்த்து வெளியில் என்ன விலை என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். ஆக்சஸரீஸ் பேக், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று இருக்கும் வரிகளை எதற்கு என்று கேளுங்கள், தேவையில்லாததை அடிக்கச் சொல்லுங்கள். மிச்சமாகிற காசில் எக்ஸ்டென்டட் வாரண்டி எடுக்கலாம். பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். யார்டில் பல மாதம் வெயிலில் நின்ற வண்டியாக இருந்தால், வேறு வண்டி கேட்கவோ விலையைக் குறைக்கச் சொல்லவோ அதுதான் நேரம்.